கேட்காமல் வாங்கப்போன காணி

திருகோணமலை உப்புவெளியில் இருபது பேர்ச் காணி விலைக்கு வந்தது. காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியைப் பார்த்தேன், எல்லைக் கற்களைப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீரைக்கூட அள்ளிக் குடித்துப் பார்த்தேன், உவர்ப்பில்லை. "இண்டைக்கே முற்பணம் வைக்காட்டி நாளைக்கு வேற ஆள் வாங்கிடும்" என்றார் தரகர். "ஓரிரவு ஜெபம் பண்ணிப்போட்டுக் குடுப்பமே" என்றாள் மனைவி. நான் பொறுக்கவில்லை. மூன்று மாதத்தில் அதே காணிக்கு இன்னொரு உறுதி வெளிவந்தது. முற்பணம் போனது, வழக்குக்கு அலைந்தது வேறு.

அந்த நாட்களில்தான் வேதாகமத்தில் யோசுவா 9ஆம் அதிகாரம் எனக்கு உறைத்தது. கிபியோனியர் பூசணம் பூத்த அப்பமும் கிழிந்து கட்டிய தோல் துருத்தியுமாய், தூரதேசத்தார் போல வந்து இஸ்ரவேலரிடம் சமாதான உடன்படிக்கை கேட்டு நின்றார்கள். இஸ்ரவேலர் அவர்களுடைய உணவை வாங்கிப் பார்த்தார்கள். அப்பம் உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது! ஆனால் கர்த்தரிடம் கேட்கவில்லை என்கிறது 14ஆம் வசனம். உடன்படிக்கை பண்ணி மூன்று நாளில், வந்தவர்கள் பக்கத்து ஊரார் என்று தெரியவந்தது. அந்த மூன்று நாளை முதலே பொறுத்திருக்கலாமே! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய விடயம் எதுவென்றாலும் மூன்று நாள் ஜெபம், பிறகுதான் பதில்.

மகனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தபோதும் அப்படித்தான். விடியற்காலையில் டச்சுக்குடாக் கரையில் போய் இருந்தேன். முதல் நாள், அவன் போகக்கூடாது என்பதற்கான காரணங்களையே ஆண்டவருக்கு அடுக்கினேன். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சும்மா இருந்தபோதுதான் விளங்கியது, நான் கேட்டதெல்லாம் என் தனிமைக்காக, அவனுக்காக அல்ல. குரல் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "போயிட்டு வா மகன்" என்றேன்.

இதை வாசித்த உவர்மலைச் சகோதரி ஒருவரின் பதில்:

அண்ணா, நாங்கள் சைவம். எங்கள் அம்மம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பா. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்து வைத்து, விவரம் தெரியாத பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பா, வரும் பூதான் அம்மனின் பதில். வீட்டுப் பங்கு விடயத்தில் என் கூடப்பிறந்த அண்ணாவுக்கு வக்கீல் கடிதம் அனுப்ப நான் நின்றபோது, "கோபம் ஆறட்டும் பிள்ளை, வெள்ளிக்கிழமை கேப்பம்" என்று மறித்தா. செவ்வாயிலிருந்து பொறுத்திருந்தேன். பின்னேரங்களில் கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போய் அழுதேன். வெள்ளிக்கிழமை பூக்கட்டத் தேவை இருக்கவில்லை, கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

என் அண்ணாவோடு இன்னும் முழுதாய்ச் சரிவரவில்லை. புட்டுக் கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்.