தொட்டியில் அயிரையோடு வந்த இந்த இரண்டு மீன்கள் என்ன இனம்?

நண்பர்களுக்கு வணக்கம். மதுரைச் சந்தையில் உயிரோடு வாங்கிய அயிரையில் ஒரு கைப்பிடியைக் குழம்புக்குக் கொடுக்காமல் தொட்டியில் விட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் கோபம் தணியவில்லை.

பெரும்பாலானவை வழக்கமான அயிரை, அதாவது அறிவியல் பெயரில் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்தான்: பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசை, கண்ணுக்குக் கீழே வலையில் மாட்டிக்கொள்ளும் சிறு முள். நுண்மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டுகின்றன. ஆனால் இரண்டுக்கு முள்ளே இல்லை. உடம்பில் குறுக்குப் பட்டைகள். மணலை விட்டுக் கல்லடியில் ஒண்டுகின்றன. அயிரைக்கு உறவான ஷிஸ்டுரா என்ற மீன் வகையாக இருக்குமோ?

அயிரை அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு, தெரியும். எந்த அளவுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்? மூழ்கும் தீனியையும் அதே தொட்டியில் உள்ள கெண்டைக் குஞ்சுகள் முந்திக்கொள்கின்றன. விளக்கணைத்த பிறகு போடலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள். சமையல் குறிப்பு வேண்டாம்.