ஜாங்கோ: கிளாஸாக எழுதிய வியூவில் பிழை

கேள்வி: பைதான் மொழியின் வலைத்தளக் கட்டமைப்பான ஜாங்கோவில், ஃபங்ஷனாக இருந்த ஒரு வியூவை (பக்கத்துக்கான கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல் பகுதி) கிளாஸாக மாற்றி, யூஆர்எல் பட்டியலில் கிளாஸின் பெயரையே கொடுத்தேன். பக்கத்தைத் திறந்தால் டைப்எரர் வருகிறது. காரணம் என்ன?

பதில் 1: பெயரை மட்டும் கொடுத்தால், ரிக்வெஸ்ட் (உலாவி அனுப்பும் கோரிக்கை) வரும்போது ஜாங்கோ அதைக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிடமே (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) தந்துவிடுகிறது, அது ஏற்காததால் பிழை எழுகிறது. பெயரோடு 'ஆஸ்_வியூ' மெத்தடை அடைப்புக்குறிகளுடன் அழையுங்கள். அது தரும் ஃபங்ஷன், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிய ஆப்ஜெக்டை உருவாக்கி, 'டிஸ்பேட்ச்' வழியாக 'கெட்' அல்லது 'போஸ்ட்' மெத்தடிடம் ஒப்படைப்பதால், செல்ஃபில் (அந்த ஆப்ஜெக்டில்) வைக்கும் மதிப்பு அடுத்த ரிக்வெஸ்டுக்குக் கசியாது. இந்த அமைப்பின் அழகே அதுதான்.

பதில் 2: உள்நுழைவு கட்டாயமெனில், உள்நுழைவைச் சோதிக்கும் 'லாகின்ரிக்வயர்டுமிக்ஸின்' என்ற கிளாஸ், பெற்றோர் கிளாஸ்களின் பட்டியலில் இடக்கோடியில் இருக்க வேண்டும். 'வியூ' என்ற அடிப்படைக் கிளாஸுக்கு வலப்பக்கம் வைத்தால் சோதனை நடக்காமலே பக்கம் திறந்துவிடும்.

கேட்டவர்: சரியாகிவிட்டது, மிக்க நன்றி. நான்கே வரியுள்ள மற்ற வியூக்களையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1: வேண்டாம். அவை ஃபங்ஷனாகவே தெளிவாக இருக்கும்.