பங்குப் பாடகர் குழுவுக்கு எந்த இலத்தீன் பாடல் நூல் பொருந்தும்?

கேள்வி

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைப் பங்கு ஒன்றில் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலியின் மாறாப் பகுதிகளை (கீரியே, குளோரியா போன்றவற்றை) இலத்தீனில், கிரகோரியன் இசையில் பாடப் பங்குத்தந்தை இசைவு தந்துள்ளார். மூத்தவர்களுக்கு நற்கருணை ஆசீரில் பாடும் ‘தாந்தும் எர்கோ’ மனப்பாடம். இளையவர்கள் கீபோர்டு வாசிக்கும் அளவுக்கு ஐந்து கோட்டுக் குறிமானம் அறிவார்கள். கிரகோரியன் இசையை எழுதும் நான்கு கோட்டுச் சதுரக் குறிகளை எவரும் பார்த்ததில்லை. ‘லீபெர் உசுவாலிஸ்’ என்னும் பெரிய பாடல் நூல் ஒன்றை வாங்கினால் போதும், எல்லாம் அதில் இருக்கும் என்கிறார் நண்பர் ஒருவர். பங்குப் பேரவை ஒருமுறைதான் பணம் ஒதுக்கும் என்பதால் கேட்கிறேன்: எந்த நூலை வாங்குவது?

முதல் மறுமொழி

நண்பர் சொல்வது பாதி சரி. பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகள் 1896-இல் முதலில் வெளியிட்ட அந்த நூல், பிற்காலப் பதிப்புகளில் இரண்டாயிரம் பக்கத்தை நெருங்குகிறது. திருப்பலிப் பாடல்களோடு மாலைச் செபம், புனித வாரச் சடங்குகள் என எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் நாள்காட்டி இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முந்தையது. நீங்கள் இன்றைய திருப்பலி நூலைப் பின்பற்றுகிறவர்கள். உங்களுக்கு ‘பொதுக்காலம் 14-ஆம் ஞாயிறு’ என்பது லீபெரில் இல்லை, ‘பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஞாயிறு’ என்றே இருக்கும்.

இந்த மாற்றத்தைச் சீராகக் கையாள்வது 1974-இல் சொலேம் வெளியிட்ட திருப்பலிப் பாடல் நூலான ‘கிராதுவாலே ரோமானும்’. எடுத்துக்காட்டாக, தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில், மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டு நற்செய்தியாகச் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் ஆகியோரின் நிகழ்வுகள் வாசிக்கப்படும்போது, திருவிருந்துப் பல்லவியும் அதே நிகழ்வைப் பாடும்படி அந்த நூல் அமைந்திருக்கிறது. நற்செய்தியில் கேட்டதை நற்கருணை வாங்க வரிசையில் நடக்கும்போது மீண்டும் பாட்டாகக் கேட்பது எவ்வளவு பெரிய பேறு!

என்றாலும் தொடக்கத்திலேயே அதை வாங்கச் சொல்லமாட்டேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் எல்லா ஆயர்களுக்கும் அனுப்பிய ‘யூபிலாதே தேயோ’ என்னும் சிறு தொகுப்பு உங்களைப் போன்ற பங்குகளை எண்ணியே தொகுக்கப்பட்டது. மாறாப் பகுதிகளின் மெட்டுகளை எண்ணிட்ட தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் பதினாறாம் தொகுதியின் கீரியே, எட்டாம் தொகுதியின் குளோரியா, பதினெட்டாம் தொகுதியின் சாங்துஸ், ஆக்னுஸ் தேயி, மூன்றாம் கிரேதோ ஆகியவை அதில் உள்ளன. குளோரியாவைத் தவிர மற்றவை குறுகியவை அல்லது ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருபவை. மக்களும் சில வாரங்களில் சேர்ந்து பாடிவிடுவார்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். பணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். அமெரிக்கத் திருச்சபை இசைக் கழகம் 2008-இல் வெளியிட்ட ‘பாரிஷ் புக் ஆஃப் சாண்ட்’ நூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாறாப் பகுதிகள், நற்கருணை ஆசீருக்கான பாடல்கள், மரியன்னைப் பாடல்கள், சதுரக் குறிகளைப் படிக்கும் முறை எல்லாம் அதில் உண்டு. உறுப்பினர்களுக்கு அதிலிருந்து படியெடுத்துக் கொடுத்துவிட்டு, பேரவையின் தொகையில் உங்களுக்கென ‘கிரகோரியன் மிஸ்ஸால்’ ஒன்றை வாங்குங்கள். ஞாயிறு, பெருவிழாப் பாடல்கள் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதில் இருப்பதால், பாடும் வரியின் பொருளைக் குழுவுக்கு விளக்க முடியும்.

சதுரக் குறிகளைக் கண்டு இளையவர்கள் தயங்கவேண்டாம். கோட்டின் தொடக்கத்திலுள்ள குறி ‘தோ’ (சில பாடல்களில் ‘ஃபா’) எங்கே என்பதை மட்டுமே சொல்கிறது. சுருதி நம் விருப்பம். ஆதார சட்சத்தைக் குரலுக்கேற்ப வைத்துக்கொள்ளும் நம் பாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிற்கும் சிறு குறி அடுத்த வரியின் முதல் சுரத்தை முன்கூட்டியே காட்டும். புள்ளி வைத்த சுரத்தை இரட்டிப்பாக நீட்டவேண்டும். தாளம் கிடையாது, சொல்லின் ஓட்டமே நடை. ஆகவே கீபோர்டின் ரிதத்தை அணைத்துவிடுங்கள், முடிந்தால் கீபோர்டையே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வருகைப் பல்லவியையும் பாட ஆசை எழுகிறது. ‘கிராதுவாலே திரிப்ளெக்ஸ்’ நூலைச் சிலர் புகழ்கிறார்களே?

முதல் மறுமொழியாளர்

அது 1979-இல் வந்த ஆய்வுக் கருவி. சதுரக் குறிகளுக்கு மேலும் கீழும் லாவோன், சாங்க்ட் காலென் என்னும் ஊர்களின் பழைய கையெழுத்து ஏடுகளிலுள்ள குறிகளைச் சேர்த்திருக்கிறார்கள். நடத்துநர் படிக்கலாம், புதிய குழுவின் கையில் கொடுத்தால் கண் குழம்பும். வருகைப் பல்லவிக்கு ‘கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்’ போதும். சிறிய ஆலயங்களுக்கு எளிய மெட்டுகள் அடங்கிய பதிப்பு வேண்டும் என்று சங்கம் விரும்பியதால் 1967-இல் வந்த நூல் அது. ஒவ்வொரு திருவழிபாட்டுக் காலத்துக்கும் ஒன்றிரண்டு பாடல் அமைப்புகளே இருப்பதால் ஒரே பல்லவியைத் திருவருகைக் காலத்தில் பல ஞாயிறுகளில் பாடலாம். இடையே வரும் திருப்பாடல் அடிகளை ஒருவர் தனியே பாட, மக்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய நூலின் மெட்டழகு அதில் இராது என்பது உண்மைதான். ஆனால் முழுப் பங்கும் வாய்திறந்து பாடும்.

உச்சரிப்புக்கு ஓர் எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் ‘தேயுஸ்’ (Deus), ‘தே’ (te) இரண்டின் தகரமும் ஒன்றாகிவிடும். இலத்தீன் வரியை அப்படியே விட்டு, ஒலியை உங்கள் மூத்தவர்கள் வாயால் சொல்லிக் கொடுக்கட்டும்.