ஆர்டர் போட்டது டபுள் மோட்டார் ஸ்ப்ரேயர், வந்தது சிங்கிள் மோட்டார், ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சுங்கறாங்க - யாராச்சும் வழி சொல்லுங்க

பாலக்கோடு தக்காளி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஊரு பாலக்கோடு பக்கம். அப்பா முக்கா ஏக்கர்ல தக்காளி வெச்சிருக்காரு, கைல பம்பு அடிச்சு அடிச்சு மருந்து தெளிச்சு தோள்பட்டையே தூக்க முடியாம ஆயிடுச்சு, அதனால ஆன்லைன்ல பேட்டரி ஸ்ப்ரேயர் ஒன்னு போட்டேன். 16 லிட்டர், டபுள் மோட்டார், 12 வோல்ட் 12 ஆம்ப்ஸ் பேட்டரின்னு தெளிவா போட்டிருந்துச்சு, விலை 3,450, பொருள் கைக்கு வந்ததும் பணம் குடுக்கறது. வந்த அன்னைக்கு நான் ஓசூர்ல கம்பெனில இருந்தேன், அப்பா பணத்த குடுத்து டப்பாவ வாங்கி அப்படியே பரண் மேல வெச்சிட்டாரு. பத்து நாள் கழிச்சு லீவுல வந்து பிரிச்சா சிங்கிள் மோட்டாருங்க, பேட்டரில 8 ஆம்ப்ஸ்னு ஸ்டிக்கர். ஆப்ல போனா 7 நாள் முடிஞ்சிடுச்சு ரிட்டர்ன் கிடையாதுன்னு காட்டுது, சாட்ல கேட்டா பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா, இல்லனா ஒன்னும் பண்ண முடியாதுன்னு சொல்லி மூடிட்டாங்க. பூச்சி வேற ஏற ஆரம்பிச்சிடுச்சு. அந்த பணம் போனது போனதுதானா?

அரூர் அண்ணன்:
தம்பி பணம் எங்கயும் போகல, பதட்டப்படாத. நீ கேக்கறது "பிடிக்கல, திருப்பி எடுத்துக்கோ"ங்கற விஷயமே இல்ல, அத மொதல்ல மனசுல வெச்சுக்க. விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி வாங்கவோ பணத்த குடுக்கவோ விக்கறவன் மறுக்கவே கூடாதுன்னு 2020ல வந்த இ-காமர்ஸ் விதிகள்லயே, அதான் ஆன்லைன் வியாபாரத்துக்கான அரசு விதிகள்லயே, எழுதி இருக்குது. அந்த 7 நாளுங்கறது அவங்க கம்பெனி பாலிசி, சட்டத்துக்கு மேல போகாது. வீடியோ எடுத்தே ஆகணும்னும் சட்டத்துல எங்கயும் இல்ல, இருந்தா நம்ம கை ஓங்கும் அவ்ளோதான். பத்து நாள் தள்ளிப்போனத அவங்க பிடிச்சிக்கத்தான் செய்வாங்க, அதனால இனி ஒரு நாளும் தள்ளாத.

இப்பவே உக்காந்து ஆப்ல இருக்கற அந்த பொருளோட பக்கத்த முழுசா ஸ்கிரீன்ஷாட் எடு, டபுள் மோட்டார்னு இருக்கற வரி தெரியணும், நாளைக்கே மாத்திடுவாங்க. அப்புறம் பில்லு, டப்பா மேல ஒட்டுன அட்ரஸ் ஸ்டிக்கர், தயாரிச்சவங்க பேரு விலாசம் இருக்கற லேபிள், பேட்டரி ஸ்டிக்கர், உள்ள இருக்கற ஒத்த மோட்டார், எல்லாம் போட்டோ. மெஷின்ல தண்ணி கூட ஊத்தாத, மருந்து வாசனை வந்துச்சுன்னா யூஸ் பண்ணிட்டீங்கன்னு சொல்லிடுவாங்க.

பென்னாகரம் அக்கா:
அரூர் அண்ணன் சொன்னதோட இன்னொன்னும் சேத்துக்கப்பா. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி மட்டும் போன் பண்ணிடாத. எங்க சித்தி பையன் அப்படித்தான் பண்ணான், ரீஃபண்டு போடறோம் இந்த ஆப் இறக்குங்க, ஓடிபி சொல்லுங்கன்னு சொல்லி 18,000 எடுத்துட்டாங்க, 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல கம்ப்ளைன்ட் குடுத்து அலைஞ்சோம். நம்பரோ மெயிலோ ஆப்புக்குள்ளயே இருக்கும், அங்க இருந்து மட்டும் எடு.

நானும் ஒரு தடவ மெரூன் சுடிதார் போட்டு, வந்ததும் கலரு மனசுக்கு பிடிக்காம திருப்பி அனுப்ப பாத்தேன், முடியல. அதுக்கு சட்டம் துணைக்கு வராதுன்னு அப்பதான் தெரிஞ்சுது, போட்டோவுல இருந்த மாதிரியேதான் வந்துச்சு, நான்தான் மனச மாத்திக்கிட்டேன், அப்ப அந்த கடையோட ரிட்டர்ன் பாலிசி என்னவோ அதான். உன்னுது அப்படி இல்ல.

பாலக்கோடு தக்காளி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. போட்டோ எல்லாம் எடுத்துட்டேன். ரெண்டு சந்தேகம். சாட்ல இன்னொருத்தரு நீங்க விவசாயத் தொழிலுக்கு வாங்குனது அதனால கன்ஸ்யூமர் இல்லன்னு சொல்றாரு. அப்புறம் விக்கறவன் அட்ரஸ் டெல்லில இருக்குது, கேஸ்னா அங்க போகணுமா? அதுக்கு டிக்கெட்டே 3,450 தாண்டிடுமே.

அரூர் அண்ணன்:
அந்தாளு சொல்றது தப்பு. சொந்தமா உழைச்சு பொழப்பு நடத்தறதுக்கு வாங்குனா அவரும் நுகர்வோர்தான், அதான் கன்ஸ்யூமர்தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே விளக்கம் இருக்குது. உங்கப்பா முக்கா ஏக்கர்ல தானே மருந்தடிக்கறவரு, மெஷின வாங்கி விக்கறவரு இல்ல.

டெல்லிக்கெல்லாம் போக வேணாம். புகார் குடுக்கறவங்க எங்க குடியிருக்காங்களோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், நமக்கு தர்மபுரி. 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதின்னு நுகர்வோர் புகாருக்கான அரசு இணையதளம் இருக்குது, அதுல வீட்ல இருந்தே பதிவு பண்ணலாம். பிரச்சனை வந்து 2 வருசத்துக்குள்ள போட்டா போதும். ஆனா அது கடைசி. மொதல்ல அந்த ஆப்ல கிரீவன்ஸ் ஆஃபீசர்னு, அதான் குறை தீக்கற அதிகாரின்னு, ஒருத்தர் பேரு மெயிலோட இருக்கும், எல்லா ஆன்லைன் கம்பெனியும் வெச்சே ஆகணும். அவருக்கு மெயில் போடு, சாட்ல கத்தறதுல பிரயோஜனம் இல்ல. 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வெக்கணும். மெயில்ல கோவமா எழுதாம ஆர்டர் நம்பர், என்ன போட்டிருந்துச்சு, என்ன வந்துச்சு, எனக்கு முழு பணமும் வேணும், இத மட்டும் எழுதி போட்டோவ வெச்சு அனுப்பு.

ராயக்கோட்டை ரோடு:
நடுவுல வரேன் மன்னிச்சிக்கங்க. மெயில் போட்ட கையோட 1915க்கும் போன் பண்ணிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அவங்க தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டாங்க, புகார பதிஞ்சு டாக்கெட் நம்பர்னு ஒரு புகார் எண் குடுத்து கம்பெனிக்கு அனுப்புவாங்க, பெரிய கம்பெனிங்க அதுக்கு பதில் சொல்லிடுறாங்க. எனக்கு மிக்சி ஜார் மாத்தி வந்தப்ப அப்படித்தான் நடந்துச்சு, பதினாறு நாள் ஆச்சு ஆனா பணம் வந்துடுச்சு. பாதி பணம் ஆப் வாலட்ல போடறோம்னு மொதல்ல சொன்னாங்க, வேணாம் பேங்க்ல முழுசா போடுங்கன்னு நின்னேன், நீங்களும் நில்லுங்க.

பாலக்கோடு தக்காளி:
ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. மெயில் போட்டேன், மறுநாளே கிடைச்சுதுன்னு பதில் வந்துச்சு, அப்புறம் சத்தமே இல்ல. 1915ல பதிஞ்சேன், அந்தம்மா பொறுமையா ஒவ்வொன்னா கேட்டாங்க. நேத்து கம்பெனில இருந்து போன், 500 ரூபா கழிவு தரோம் பொருள வெச்சுக்கங்கன்னாங்க. அப்பா வாங்கிக்கடா போதும்னாரு, எனக்கு மனசு ஒப்பல, டபுள் மோட்டார்னு காச வாங்கிட்டு இத குடுத்தா எப்படின்னு கேட்டு முழு பணம்தான் வேணும்னுட்டேன். இன்னைக்கு காலைல நாளைக்கு பொருள எடுக்க ஆள் வரும், எடுத்ததும் பேங்க் அக்கவுண்டுல பணம்னு மெசேஜ் வந்திருக்குது. பணம் வந்தாதான் நம்புவேன். அதுவரைக்கும் பக்கத்து தோட்டத்து மாமாகிட்ட ஸ்ப்ரேயர் இரவல் வாங்கி அடிச்சிட்டோம்.

பென்னாகரம் அக்கா:
500க்கு மடங்காம நின்னது நல்லதுப்பா. நாளைக்கு குடுக்கும்போது உள்ள என்னென்ன இருக்குன்னு வர்ற ஆளு முன்னாடியே வீடியோ எடு, சார்ஜரு, நாசில், பெல்ட்டு எல்லாம் தெரியணும், அப்புறம் சார்ஜர் இல்லன்னு பணத்த நிறுத்துவாங்க. எடுத்துக்கிட்டதுக்கு ரசீதோ மெசேஜோ வராம டப்பாவ கைய விட்டு விடாத.

பாலக்கோடு தக்காளி:
சரிங்கக்கா. நான் ஓசூர் கிளம்பணும், அப்பாக்கு போன்ல வீடியோ எடுக்க இப்பதான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு காலைல தோட்டத்துக்கு போகாம வீட்லயே இருக்கேன்னு சொல்லிட்டாரு.