அப்பா சிகரெட்டை நிறுத்தி 11 நாள்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, 38 வருஷமாக சிகரெட். இப்போதெல்லாம் மாடி ஏறும்போது பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார், நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். போன மாதம் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை) எடுத்ததில் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபட்டுப்போகும் நுரையீரல் நோய் என்றார்கள். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது, நிறுத்தினால் மேலும் கெடும் வேகம் குறையும் என்று டாக்டர் சொன்ன அன்றே நிறுத்திவிட்டார்.

டாக்டர் சொல்லி 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் வாங்கினோம். அப்பா அதை வேகவேகமாக மென்று விழுங்கி, ராத்திரி முழுக்க விக்கல். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். அப்புறம் ஒரே கேள்வி: “இதுவும் நிக்கோடின்தானே?” அடிமையாக்குவது நிக்கோடின், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதும் அதுதான். ஆனால் நுரையீரலை அரித்ததும் புற்றுநோய் தருவதும் பெரும்பாலும் புகையில் இருக்கும் தாரும் மற்ற ரசாயனங்களும். நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.

கம் எத்தனை வாரம் எடுத்தீர்கள், எப்படிக் குறைத்தீர்கள்? காலையில் டீக்கடைப் பக்கம் போனாலே கை நடுங்குகிறது, அந்த நேரத்தை எப்படிக் கடந்தீர்கள்? புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? வடசென்னையில் மூச்சுப் பயிற்சி தரும் நல்ல பிசியோதெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள். நிறுத்தியவர்கள் யாராவது அப்பாவிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினால் பெரிய உதவி.