ஓடிபியும் மோடமும்: ஸ்கிரிப்ட் எழுதி மாட்டிக்கொண்ட கதைகள்

நைட்ஷிஃப்ட்:
1998, நியூஜெர்சி, ஆன்-கால் வாரம்: ராத்திரி எது கெட்டாலும் வீட்டிலிருந்தே மோடம் வழியாக ஆபீஸ் சர்வருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். லாகினுக்கான செக்யூர்ஐடி அட்டை ஞாபகம் இருக்கும், அதன் சின்னத் திரையில் நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும் ஆறு இலக்கம். வீட்டில் லினக்ஸ், போன் லைனில் இணைக்கும் பிபிபிடி நிரல், சர்வரின் கேள்விகளுக்குத் தானே பதில் தட்டும் சாட் ஸ்கிரிப்ட். என் ரகசிய பின் நம்பரையும் அட்டையின் எண்ணையும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் டயல் செய்யும்படி எழுதியிருந்தேன். பகலில் ஜோராக ஓடியது.

இரவு 2 மணிக்குப் பேஜர் அடித்தது. ஆபீஸ் லைன் பிஸி. மறுபடி டயல், மறுபடி பிஸி. ஒருவழியாக மோடம் கத்தி முடிப்பதற்குள் அட்டையின் ஓரத்தில் மிச்ச நேரத்தைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, எண் இரண்டு மூன்று தடவை மாறிவிட்டது. தப்பு. புது எண்ணோடு திரும்ப ஓடவிட்டேன், அதே கதை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் மோடத்தில் 'டொக்' என்ற சத்தம்தான். லாக் பதிவைப் பார்த்தால், சர்வர் சந்தேகப்பட்டு, எண் மாறியதும் அடுத்த எண்ணையும் கொடு என்று கேட்டிருக்கிறது. என் ஸ்கிரிப்டுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. 45 விநாடி சும்மா நின்றுவிட்டுப் போனை வைத்துவிட்டது.

காகிதச்சுருள்:
எங்களுக்கு அட்டை இல்லை, எஸ்/கீ என்ற ஓடிபி முறை. "97" என்று எண் வரும், அதற்குரிய ஆறு குட்டிச் சொற்களைத் தட்ட வேண்டும், அடுத்த லாகினுக்கு 96. அச்சடித்த பட்டியல் பர்ஸில் கசங்கிக் கிடக்கும். சோம்பேறித்தனம்! திரையில் வரும் கேள்விக்கு ஆளுக்குப் பதிலாகத் தட்டும் எக்ஸ்பெக்ட் நிரலில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, எண்ணைப் படித்துச் சொற்களைத் தானே கணக்கிட்டு அனுப்ப வைத்தேன். சொற்களைக் கணக்கிடத் தேவையான ரகசிய வாக்கியம் கோப்புக்குள்ளேயே. ஒருநாள் ரூம்மேட் என் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா என்டரைத் தட்டினான். உள்ளே போய்விட்டான். "இதுக்குப் பாஸ்வேர்டே கிடையாதாடா?" என்று கேட்டான் பாருங்கள்.

பழைய அட்மின்:
ரூம்மேட் கேட்டது நியாயம்தானே தம்பி. பட்டியல் கசங்கினால் என்ன, அதைப் பார்த்தே தட்டியிருக்கலாம். நைட்ஷிஃப்ட், சர்வர் சந்தேகப்படாமல் என்ன செய்யும்? முதலில் டயல், பாஸ்கோடு (பின்னும் அட்டை எண்ணும்) கேட்கும் வரி வந்த பிறகுதான் ஸ்கிரிப்ட் ஆளிடம் கேட்க வேண்டும். விண்டோஸ் 95 என்றால், டயல் செய்ததும் எண்ணைக் கையால் தட்ட டெர்மினல் ஜன்னலைத் திறக்கச் சொல்லும் டிக் ஒன்று போதும். பிபிபிடியின் பெர்சிஸ்ட் ஆப்ஷன் கூடவே கூடாது, லைன் அறுந்தால் செத்த எண்ணோடு தானே திரும்பத் திரும்ப டயல் செய்து கணக்கைப் பூட்ட வைத்துவிடும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறைகளில் சாப் வேண்டாம், பாப் போதும்: சாப்பில் எண்ணை வைத்துக் கணக்கிட்ட ஹாஷ்தான் போகும், சரிபார்க்கிற சர்வருக்கோ எண்ணே கைக்கு வர வேண்டும். ஐஎஸ்டிஎன் என்ற, இரண்டு சேனல் கொண்ட டிஜிட்டல் போன் லைன் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. இரண்டாவது சேனல் எழும்போது புது எண் கேட்கும், முதல் சேனலுக்குக் கொடுத்தது செல்லாது. என் கதையா? அதனாலேயே கடைசிவரை ஒற்றைச் சேனலில், நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஓட்டினேன், அவ்வளவுதான்.

நைட்ஷிஃப்ட்:
அண்ணே, ஸ்கிரிப்டை அந்த வாரமே மாற்றிவிட்டேன். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. இரண்டாவது தடவையே எண் செத்துவிட்டது என்று அட்டையைப் பார்த்தபோதே தெரிந்தது. தெரிந்தும் மூன்றாவது தடவை என்டர் தட்டினேன்.