மறு: ‘குளோஸ்டு டைம்லைக் கர்வ்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘காலச்சுழல்’ போதுமே, படித்ததும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்று புரியும், அதுதான் சிக்கல். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில், முன்னோக்கியே போகும் ஒரு பயணி தான் கிளம்பிய இடத்துக்கும் கணத்துக்குமே திரும்பிவிடுகிற பாதைக்கு (closed timelike curve) அல்லவா பெயர் தேடுகிறோம். சுழல் என்றதுமே ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிற சினிமாக் கதைதான் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் இரண்டாம் முறை நடப்பதில்லை. நிகழ்ச்சி ஒரு தடவைதான், பயணியின் பாதை போய்ப் போய்த் தன் தொடக்கப் புள்ளியிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது, அவ்வளவே. போதாததற்கு, இத்தகைய பாதைகள் இருக்கிற தீர்வு ஒன்றை ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1949-இல் தர்க்கவியலாளர் குர்ட் கோடெல் கொடுத்தாரே, அதில் பிரபஞ்சமே சுழல்கிறது. சுழலும் பிரபஞ்சத்துக்குள் ஒரு காலச்சுழல் என்று எழுதினால் வாசகருக்குத்தான் தலை சுற்றும்.

‘மூடிய கால வளைவு’ம் வேண்டாம். வளைவு என்பதை ஈர்ப்பால் காலவெளி (காலமும் வெளியும் சேர்ந்தது) வளைவதற்கே கொடுத்துவிட்டோம்.

நான் சொல்வது ‘மூடிய காலத்தடம்’. எந்தப் புள்ளியிலும் ஒளியைவிட மெதுவாகவே போகிற, அதாவது எப்போதும் தன் ஒளிக்கூம்புக்குள்ளேயே (அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி எட்டக்கூடிய எல்லைக்குள்ளேயே) இருக்கிற பாதை காலத்தடம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்று உண்டு. அது மூடிக்கொண்டால்தான் வேடிக்கை: கையில் கட்டிய கடிகாரம் ஒரு நொடிகூடப் பின்னால் ஓடாது, அவர் ஒளியை எங்கேயும் முந்த மாட்டார், ஆனாலும் கிளம்பிய கணத்துக்கே வந்து நிற்பார். அதனாலேயே முன்பு ஒருவர் சொன்ன ‘பின்னோக்குப் பாதை’யை ஏற்க முடியவில்லை, பாதையின் எந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாலும் அது முன்னோக்கியே போகிறது.

இன்னொரு வசதி, கூடவே ஒளித்தடம் (ஒளியின் வேகத்திலேயே போகும் பாதை), வெளித்தடம் (ஒளியை முந்தினால்தான் போக முடிகிற பாதை) இரண்டும் கிடைத்துவிடும். வெளித்தடத்தை ‘வெளியே போகும் தடம்’ என்று யாராவது படித்தாலும் பாதகமில்லை, கூம்புக்கு வெளியேதானே போகிறது! காலத்தடத்தைக் கால்தடம் என்று தட்டச்சுப் பிழை செய்வார்கள் என்பது மட்டும் உறுதி.

அப்புறம், இத்தகைய தடங்கள் உருவாகாமல் இயற்பியல் விதிகளே தடுத்துவிடும் என்று இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் 1992-இல் எழுதினாரே, அதற்குக் ‘காலவரிசைக் காப்பு விதி’ என்று போன மடலில் இருந்தது. விதி என்று போடாதீர்கள், அது இன்னும் நிறுவப்படவில்லை. ‘காலவரிசைக் காப்பு ஊகம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘கருதுகோள்’ வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.